தூக்குவாளியில் புளியங்கொழுந்து

எங்கள் வீட்டுப் பித்தளைத் தூக்குவாளிக்கு ஒரு காது கிடையாது. காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியை நுழைத்து முறுக்கிக் கைப்பிடியைக் கட்டியிருக்கும். ஈயம் பூசுகிறவன் தெருவில் வரும்போதெல்லாம், "ஒரு நிமிஷ வேலைம்மா, பத்தவெச்சுத் தந்துடறேன்" என்பான். என் அம்மா அவனை அடிக்கப் போவாள்.

"அது அவரு கட்டின முடிச்சுடா. தொட்டின்னா கைய முறிச்சுடுவேன்."

அவர் என்றால் என் அப்பா. சைகோனில் ஜப்பான்காரன் சிறையில் செத்துப்போனவர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கோபம் வந்தால் கூடவே சிரிப்பும் வரும், அதையும் சேர்த்து எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். சொல்தா என்று சொல்லிக்கொள்வார்கள். அப்பாவும் ஒரு சொல்தாதான். நான் பிறந்தது அங்கேதான். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் முதலில் விருந்தாளி மாதிரி வந்தான். தெருவில் சைக்கிள் விட்டான், கடையில் வாழைப்பழம் வாங்கித் தின்றான். பிறகு ஒரே நாளில் ஊரைப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்து ஆட்களை எல்லாம் அவர்களுடைய பாசறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டான். நினைத்துப் பாருங்கள். அப்பா எந்த வாசலில் துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றாரோ, அதே வாசலில் இப்போது வேறொருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். அப்பா உள்ளே, கைதி.

வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டிலிருந்து சோறு கொண்டுபோகலாம். வாசலில் பெண்கள் வரிசையாக நிற்போம். அனாமித்தி என்கிற அந்த ஊர்க்கார மனைவிகள், எங்களைப் போன்ற தமிழ்ப் பொம்பளைகள், தொப்பி போட்ட துரைசானிகள், எல்லோருக்கும் ஒரே வரிசைதான். அதுவரைக்கும் என்னைப் பார்த்தால் கவுனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போன ஒரு துரைசானி, அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் கையில் கிண்ணத்தோடு நின்றாள். சிறைவாசல் கெட்ட இடம்தான், ஆனால் அது ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

காவல்காரன் துப்பாக்கிக் கத்தியைச் சோற்றுக்குள் விட்டுக் கிளறுவான். சீட்டு ஏதாவது ஒளித்திருக்கிறோமா என்று பார்ப்பானாம். அந்தக் கத்தியால் அவன் என்னென்ன செய்திருப்பானோ! பிறகு உள்ளே இருப்பவரின் நம்பரைக் கத்திக் கூப்பிடுவான். வாளி உள்ளே போகும். நாங்கள் எதிரே புளியமரத்தடியில் காத்திருப்போம். அந்த ஊரில் தெருவெல்லாம் புளியமரம். ஆள் வெளியே வரமாட்டார், முகம் தெரியாது, குரல் கேட்காது. காலி வாளி மட்டும் திரும்பி வரும்.

நம் ஊரில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சர்க்கரை, எதுவும் இல்லாவிட்டால் நாலு கல் உப்பாவது போட்டுத் தருவோம். உள்ளே அப்பாவிடம் என்ன இருக்கும்? மதிலுக்குள் சாய்ந்திருந்த கிளையில் ஒரு புளியங்கொழுந்தைக் கிள்ளி, கழுவிய வாளிக்குள் போட்டு அனுப்பினார். கட்டின பெண்டாட்டிக்கே மரியாதை செய்தார் என்று அம்மாவுக்கு அப்படியொரு பெருமை. மூடியைத் திறப்பாள், கொழுந்து இருக்கும், ஆள் உயிரோடிருக்கிறார். வழியிலேயே அதை மென்றுகொண்டு வருவாள், எனக்கும் பாதி தருவாள். வீட்டில் எங்கள் இருவருக்கும் வடித்த கஞ்சித்தண்ணிதான். சோறெல்லாம் வாளியில் போய்விடும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காவல்காரன் வாளியை எட்டி உதைத்தான், காது பிய்ந்தது. அன்றைக்கு அது திரும்பி வந்தபோது கம்பி போட்டு இறுக்கி முடிந்திருந்தது. உள்ளே கொழுந்து. அம்மா அந்த முடிச்சை வழி நெடுகத் தடவிக்கொண்டே வந்தாள்.

கடைசியாகச் சோறு கொண்டுபோன நாள் கத்தரிக்காய்க் குழம்பு. அடுப்பில் கொதிக்கும்போது ஏரோப்ளேன் வருகிறதென்று சங்கு ஊதியது. பதுங்குகுழிக்கு ஓடினோம். சங்கு அடங்கியதும் ஓடிவந்து அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கரண்டியை நக்கிப் பார்த்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உப்புப் போட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சண்டை முடிந்தது. வாசல் திறந்தது. அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் நின்றாள். எல்லோரும் வந்தார்கள், அப்பா வரவில்லை. ஒரு அதிகாரி பிரெஞ்சில் ஒரே வார்த்தை சொன்னான், செத்துட்டான் என்று. என்றைக்கு, எந்தக் குழியில், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தானே கணக்குப் போட்டாள். கடைசி வாளியிலும் கொழுந்து வந்ததே, ஆகவே அதற்குப் பிறகுதான் போயிருக்கிறார், உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

இதுதான் அம்மாவைத் தின்றது. புருஷன் செத்ததைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டாள். கடைசிச் சோற்றில் உப்பில்லாததை அவளால் தாங்க முடியவில்லை.

ஊருக்கு வந்தோம். நான் நெல்லித்தோப்பில் ஒரு மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டேன். அம்மா என்னோடேயே இருந்தாள். வருஷம் தவறாமல் ஆவணியில் அப்பாவுக்குப் படையல் போடுவாள். இலையின் நடுவில் ஒரு கைப்பிடி உப்பைக் குவித்து வைப்பாள். காக்காய் அந்தப் பக்கமே வராது. மில்லில் ஷிப்டு மாற்றச் சங்கு ஊதினால் போதும், அம்மாவின் கை தானாக உப்புஜாடிக்குள் போகும். மூன்று வேளை ஊதும், மூன்று வேளையும் குழம்பில் உப்பு விழும்.

"உங்கம்மா கொழம்ப சாப்ட்டா குளிக்கக் கடலுக்குப் போவவே வாணாம்டி, உள்ளேயே கடலு இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். நல்ல மனுஷன். குறட்டை மட்டும்தான் சகிக்காது.

எழுபத்தைந்தில் சைகோன் கம்யூனிஸ்ட்காரர்கள் கையில் விழுந்த பிறகு, அங்கேயே தங்கிவிட்ட நம் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் எதிர்வீட்டு மாடியிலும் ஒருவர் குடிவந்தார். தனி ஆள், அறுபதைத் தாண்டியவர், பழைய சொல்தா. பிரெஞ்சுக்காரன் தேசியத் திருநாளான ஜூலை பதினாலாம் தேதி மற்ற கிழவர்கள் எல்லாம் நெஞ்சில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கடற்கரைக்கு ஊர்வலம் போனார்கள். இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஆவணிப் படையலன்று அம்மா, "உங்கப்பா மாதிரி சொல்தா, தனியா இருக்கிற ஆம்பளைக்கு ஒரு வாய் குடுத்துட்டு வா" என்று அந்தத் தூக்குவாளியிலேயே சோறு போட்டுக் கொடுத்தாள். வேறு யாருக்கும் அந்த வாளியைத் தொடவே விடமாட்டாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கைப்பிடியைப் பார்த்தார், கம்பி முடிச்சைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது யாரு வூட்டுதும்மா?"

"எங்க வூட்டுதுதான். எதுக்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வாளியைத் துலக்கி எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல்கூடக் கொடுக்காமல் போய்விட்டார். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியிருந்த காலம். மூடியைத் திறந்து உள்ளே விரலால் துழாவினாள். விரல் நின்றது.

"பாப்பா... இது இன்னா?"

நான் எட்டிப் பார்த்தேன். புளியங்கொழுந்து.

"காத்துல வுழுந்திருக்கும்மா" என்றேன்.

"மூடி போட்ட வாளியிலயா?" என்றாள் அம்மா.

நான் வாளியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் பெரியவரே, இன்னா இது? எதுக்கு இதப் போட்டு அனுப்பின?"

"உக்காரும்மா."

"உக்கார வரல. சொல்லு."

"நீ அந்தச் சின்னப் பொண்ணுதானே? செகப்புக் கவுனு போட்டுக்கிட்டு வருவியே. செவுத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, அது வழியா பாப்பேன். உங்கப்பாவ அண்ணன்னுதான் கூப்புடுவேன், அவருக்குப் பக்கத்துப் பாயி எனக்கு. வவுத்துக்கடுப்பு வந்து போனாரு. உள்ள தேதி கெழமை ஒண்ணும் தெரியாது. ராத்திரியில நெலா தெரியும். வைகாசி மழை புடிச்ச நேரம். பௌர்ணமி போயி மூணாம் நாளு."

"வைகாசியிலயா? நாங்க ஆவணி வரைக்கும் சோறு கொண்டாந்தோமேய்யா!"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"யாரு தின்னது?"

"நான்தான்."

அந்த வாளியால் அவர் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். பித்தளை, நல்ல கனம். கை ஓங்கியது நிஜம். எதற்கு இறங்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நாங்க கஞ்சித்தண்ணி குடிச்சோம்யா! பசியில மண்ண நக்கிப் பாத்தவ நானு. சோத்தப் பூராவும் அனுப்பினா எங்கம்மா. வெக்கமா இல்ல உனக்கு?"

"மொத நாளு அண்ணன் நம்பரக் கூப்ட்டான். யாரும் போவலன்னா சோறு காவல்காரனுக்குப் போயிடும். பசி. கையத் தூக்கிட்டேன். தின்னுட்டுக் கழுவும்போதுதான் நெனப்பு வந்துச்சு, வெறும் வாளியா போனா அங்க அழுவாங்களேன்னு. அண்ணன் போடறாப்லயே கொழுந்து கிள்ளிப் போட்டேன்."

"அழட்டுமே! அழ வேண்டியவங்க அழணும்யா. எங்க அழுகையத் தள்ளிப்போட நீ யாரு?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. நீங்க அழுவீங்கன்னு பாதி. சோறு நின்னுடும்னு பாதி."

அந்தப் பாதிக் கணக்கு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. முழுப்பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"கதவு தொறந்தப்ப எங்க போயிருந்த? வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"உங்கம்மா பூ வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. பின்பக்கமா போயிட்டேன்." அவர் என் கையிலிருந்த வாளியையே பார்த்தார். "காது பிஞ்சப்ப இந்தக் கம்பிய நான்தான் கட்டினேன். இன்னும் இருக்குதே..."

அப்போது உட்கார்ந்துவிட்டேன், தரையில். திருடன் சோற்றை மட்டும் தின்னவில்லை. அம்மா முப்பது வருஷமாகத் தடவிக்கொண்டிருந்த முடிச்சும் அவனுடையது. என் அப்பா கை அதில் படவே இல்லை.

"எங்கம்மா முன்னாடி வந்து நின்ன, அவ்ளோதான். இது தெரிஞ்சா அவ செத்துடுவா. கடைசி வரைக்கும் புருஷனுக்குச் சோறு போட்டேன்னு சொல்லிக்கிட்டுத்தான் உசிரு வெச்சிருக்கா. அதையும் தின்னுடாத."

இறங்கி வந்துவிட்டேன். அம்மாவிடம் வாயே திறக்கவில்லை. ஆனால் நான் எதையாவது மறைத்தால் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன், அது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு நாள் என் அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து முகம் கழுவி, தலை வாரிக்கொண்டாள்.

"போயி அந்த ஆள கூட்டியா. இல்லன்னா நானே தடவிக்கிட்டுப் போறேன். மாடிப்படி, வுழுந்தேன்னா உனக்குத்தான் வேல."

கூட்டிவந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எச்சரித்தேன். அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் சொல்லவில்லை.

"அண்ணி, அண்ணன் வைகாசியிலயே போயிட்டாரு. அதுக்கப்பறம் வந்த சோத்தை எல்லாம் நான்தான் தின்னேன்."

என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அவள் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சங்கு ஊதின அன்னிக்கு வந்துச்சே, கத்திரிக்கா கொழம்பு. அது யாரு சாப்ட்டது?"

"நான்தான் அண்ணி."

"எப்டி இருந்துச்சு?"

"உப்பு இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு கல்லுகூட இல்ல. பாவம், வூட்ல உப்புக்குக்கூட வழியில்லபோலன்னு நெனச்சுக்கிட்டுத் தின்னேன்."

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டியாடி? உப்பில்லாத சோத்த இவன் தின்னான்டி! அவரு தின்னல!"

"அம்மா, நம்ம சோத்தத் திருடித் தின்னிருக்கான், நீ சிரிக்கிற!"

"நீ சும்மா இரு. தம்பி, அப்ப அவரு கடைசியா என்னா சாப்ட்டாரு?"

"முருங்கக்கீரயும் பருப்பும் வந்துச்சு. ரெண்டு வாய்தான் எறங்கிச்சு. 'உப்பு கொஞ்சம் தூக்கல்'னாரு."

"அவரேதான்!" அம்மா தொடையில் தட்டினாள். "குத்தம் சொல்லாம ஒரு நாளும் சாப்ட்டதில்ல அந்த மனுசன்."

எனக்குத் தாங்கவில்லை. "வைகாசியிலயே போயிட்டாருன்னு தெரியாம ஆவணி வரைக்கும் பூவும் பொட்டுமா நின்னியே, அதுக்கு இன்னா சொல்ற?"

"மூணு மாசம் சேத்துப் பூ வெச்சேன். அது எனக்கு லாபம்தான?"

இப்படிப்பட்டவளோடு என்ன பேசுவது? அந்த ஆளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "உப்புப் போட்டவங்கள உசிரு உள்ள வரைக்கும் மறக்கக்கூடாதும்பாங்க அண்ணி. உப்பில்லாம போட்ட உங்களத்தான் என்னால மறக்க முடியல" என்றார். என் வீட்டுக்காரர் வேறு திரும்பிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை நான்.

அம்மா தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் முடிச்சைத் தேடிப் பிடித்தாள்.

"இத மட்டும் பாத்தியா தம்பி? அவரு கட்டினது. எத்தினி வருசமாச்சு, அசையல பாரு."

கொலைகாரனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உண்மை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அது திறந்தது.

"ஆமா அண்ணி. அண்ணன்தான் கட்டினாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

அம்மா தலையாட்டினாள். மழைக்காலத்தில் பிய்ந்த காதை, மழை பிடித்தபோதே செத்தவர் எப்படிக் கட்டினார் என்று அவள் கேட்கவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. சோற்றைத் தின்றவன் இந்த ஒன்றையாவது திருப்பிக் கொடுத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷத்திலிருந்து படையல் வைகாசிக்கு மாறியது, பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். இலையில் உப்புக் குவியல் இல்லை. காக்காய் வந்தது. மில் சங்கு ஊதினாலும் அம்மாவின் கை ஜாடிக்குப் போகவில்லை. "இன்னாடி கொழம்பு சப்புனு இருக்கு? உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார்.

அம்மா மன்னித்துவிட்டாள். அது அவள் சோறு, அவள் இஷ்டம். நான் குடித்த கஞ்சித்தண்ணிக்கு யார் மன்னிப்பது? ஆகவே ஒவ்வொரு படையலுக்கும் எதிர்வீட்டுக்குப் போகும் குழம்பைத் தனியாக எடுத்துவைப்பேன். கத்தரிக்காய்க் குழம்பு, உப்பில்லாமல். எவர்சில்வர் டப்பாவில்தான் போகும், தூக்குவாளியில் போகாது. அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கொழுந்து போட்டு அனுப்புவார். அதைக் கால்வாயில் கொட்டுவேன். ஒரு வருஷம் அம்மா நான் பார்க்காதபோது ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். அவர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, உப்பு இருக்குது? உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போய்யா அந்தாண்ட!" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவும் அவரைத் திட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் அம்மா போனாள். மறுவருஷ வைகாசியில் குழம்பைக் கூட்டிவிட்டு உப்புஜாடிக்கு முன்னால் நின்றேன். இனிமேல் போட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நேரம் பார்த்து, செத்தவர் நம்பரைக் கூப்பிடும்போது கையைத் தூக்கும் ஒருவனும், வெளியே புளியமரத்தடியில் வயிற்றை அமுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெண்ணும் கண்ணில் வந்தார்கள். ஜாடியை மூடிவிட்டேன்.

டப்பாவை வாங்கும்போது அவர் மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கும்மா" என்றார்.

போன மாதம் ஈயம் பூசுகிறவன் வந்தான், அந்தப் பழைய ஆளின் மகன். தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, "பத்தவெச்சுத் தரட்டுமா ஆயா?" என்று கேட்டான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் துரத்தினேன்.